ஆடும் தளமும் வளரும் காலும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"கல்வியும் ஒழுக்கமும்" என்ற தலைப்பில் பேசும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நான்கு தாள் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சற்று முன்பு நம் கைப்பந்துக் குழுப் பிள்ளைகள் கேடயம் வாங்க மேடை ஏறினார்களே, அப்போது ஒரு சிறுமியின் முழங்காலில் துணிக் கட்டு இருந்ததைப் பார்த்தேன். படி ஏறும்போது அந்தக் காலை அவள் சற்று இழுத்துத்தான் வைத்தாள். நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இன்று நான் காலைப்பற்றியும், கால் மிதிக்கும் மண்ணைப்பற்றியும்தான் பேசப் போகிறேன். தலைமையாசிரியர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் செய்த தவறு

1984ஆம் ஆண்டு. நான் அப்போது ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இளம் ஆசிரியன். எங்கள் பிள்ளைகள் புல் திடலில் கைப்பந்து ஆடினார்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. காலில் சப்பாத்து கிடையாது. ஆனாலும் நன்றாக ஆடினார்கள். அதைப் பார்த்துத் தோட்ட நிர்வாகம் மனமிரங்கி ஒரு சிமெண்டுத் தளம் போட்டுக் கொடுத்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வட்டாரத்திலேயே சிமெண்டுத் தளம் உள்ள தோட்டப் பள்ளி எங்கள் பள்ளிதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. தினம் மாலை, ஒரு நாள் விடாமல், அந்தச் சிமெண்டின்மேல் பிள்ளைகளைத் தவளைப் பாய்ச்சல் பாயச் சொன்னேன். நூறு, நூற்றைம்பது, இருநூறு. எண்ணிக்கை ஏற ஏற நான் நல்ல பயிற்றுநன் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவில் ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டு வயது. வலைக்கு மேலே அவள் கை எழும்பினால் எதிர்ப்பக்கம் நடுங்கும். மூன்றாம் வாரம் அவள் என்னிடம் வந்து, "சார், முட்டிக்குக் கீழ வலிக்குது" என்றாள். "சோம்பேறித்தனம், போய்க் குதி" என்றேன். நான்காம் வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. தோட்டத்து டிரசர் பார்த்துவிட்டு, "ஓய்வு கொடுங்க வாத்தியார்" என்றார். போட்டி முடியட்டும் என்றேன். போட்டியில் ஆடினாள், இரண்டாம் ஆட்டத்தில் மண்டியிட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவள் தாயார் பள்ளிக்கு வந்தார். பால் வெட்டிவிட்டு நேராக வந்தவர். கையில் பால் கறைகூடப் போகவில்லை. சண்டை போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "வாத்தியாரய்யா, மரத்தைக்கூட ஒரு நாள் வெட்டுனா ஒரு நாள் விடுறோமே. பிள்ளைக்கு ஒரு நாள் விடக்கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண்ணின் கால் பின்னால் சரியாகிவிட்டது. ஆனால் அவள் அதன்பிறகு பந்தைத் தொடவில்லை.

அந்தத் தாயிடம் சொல்ல முடியாத பதிலைத் தேடித்தான் பிற்காலத்தில் பல நூல்களைப் படித்தேன். பல பயிற்றுநர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

பந்து சொல்லும் பாடம்

மாணவச் செல்வங்களே, வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ரப்பர் பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுங்கள். நன்றாக எழும்பும். அதே பந்தைப் புல்லில் விடுங்கள். பாதிகூட வராது. மணலில் விடுங்கள். தொப்பென்று விழுந்து அங்கேயே கிடக்கும். பந்து ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். மாறியது தரை.

உங்கள் காலும் அப்படித்தான். கெண்டைக்காலிலும் முழங்காலிலும் உள்ள தசைநார்கள் ரப்பர் வளையம் போன்றவை. குதிக்குமுன் சட்டென்று முழங்காலை மடக்குகிறோம் அல்லவா? அப்போது நார் இழுபடுகிறது. உடனே எழும்பினால் இழுபட்ட நார் சுண்டி, நம்மைத் தூக்கிவிடுகிறது. கெட்டித் தரையில் இது நன்றாக நடக்கும். மணலில் கால் புதைகிறது. புதைந்து எழுவதற்குள் அந்தச் சுண்டுவிசை மண்ணோடு போய்விடுகிறது. மிச்ச வேலையைத் தசை தன் சொந்த பலத்தால் செய்தாக வேண்டும். அதனால்தான் மணலில் குதித்தால் உயரம் குறையும், மூச்சு வாங்கும்.

எவ்வளவு கூடுதல் உழைப்பு? 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கோ 2.1 முதல் 2.7 மடங்கு வரை. மழைக்காலத்தில் சேற்று மண்ணில் வாளி தூக்கி நடந்த பெற்றோர்களே, இது உங்களுக்குப் புதிதா? உங்கள் கால் எப்போதோ அறிந்ததை அவர்கள் பின்னால் கருவி வைத்து அளந்தார்கள், அவ்வளவுதான்.

தளத்தால் வரும் நன்மையும் தீமையும்

அப்படியானால் மணல்தான் நல்லது, சிமெண்டு கெட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

முதலில் சிமெண்டு. பந்து ஒரே சீராக எழும்பும், ஆட்டம் வேகமாகும், மழை விட்டதும் தண்ணீர் வடிந்து ஆடலாம். ஆனால் குதித்து இறங்கும்போது அது கொஞ்சமும் இளகாது. குதித்து இறங்குகிறவனின் காலில், அவன் இறங்கும் விதத்தைப் பொறுத்து, உடல் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு விசை தாக்கும். 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நான்கு மடங்கு என்றால் 140 கிலோ. அதாவது 10 கிலோ அரிசி மூட்டை பதினான்கை ஒரு கணம் தாங்குவது போல. ஒரு முறை தாங்கினால் ஒன்றும் ஆகாது. இருநூறு முறை, தினந்தோறும்? நான் அந்தப் பிள்ளையைச் செய்யச் சொன்னது அதைத்தான்.

1980களில் இத்தாலிய மருத்துவர்கள் கைப்பந்து ஆட்டக்காரர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் வலி, கெட்டித் தரையில் பயின்றவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. வாரத்தில் பயிற்சி நாள்கள் கூடக்கூட வலியும் கூடியது. தரை ஒன்று, எண்ணிக்கை ஒன்று. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

அடுத்தது புல்திடல். காலுக்கு இதமானது, விழுந்தாலும் அடி குறைவு. ஆனால் மேடு பள்ளம் இருந்தால் கணுக்கால் மடங்கும். ஈரப் புல் வழுக்கும். கைப்பந்தின் ஆட்ட விதியே, ஆடுவோருக்குக் காயம் விளைவிக்கும் தளமாக இருக்கக்கூடாது, சொரசொரப்பான இடத்திலும் வழுக்கும் இடத்திலும் ஆடக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது மணல். இறங்கும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். தொடை, கெண்டைக்கால், பாதத்தின் சிறு தசைகள் எல்லாம் பலப்படும். உடல் சமநிலை வளரும். ஆனால் மணலிலேயே பழகியவன் கெட்டித் தரைக்கு வந்தால் அவன் கால் ஒரு கணம் பிந்தும். 2008இல் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. நான்கு வாரம் ஒரு பகுதியினர் மணலிலும் மற்றவர்கள் புல்லிலும் குதிக்கும் பயிற்சி செய்தார்கள். ஓட்ட வேகம் இரு பக்கமும் கூடியது. முழங்காலை மடக்கி உடனே எழும்பும் குதிப்பில் புல்லில் பயின்றவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். தசை வலியோ மணலில் பயின்றவர்களுக்குக் குறைவு. அவர்கள் பெரியவர்கள், நம் பிள்ளைகள் அல்லர். ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு தளமும் வேண்டும், ஒன்றையே கட்டிக்கொண்டு அழக்கூடாது.

நான்காவது மண்டபத்து மரத்தளம். கொஞ்சம் இளகும், சீராகவும் இருக்கும். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் இந்த ஆட்டத்தை உண்டாக்கியதே உடற்பயிற்சிக் கூடத்துக்குள்தான். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து சேர்க்கப்பட்டது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மணலில் ஆடும் கடற்கரைக் கைப்பந்தும் சேர்ந்தது. தளம் மாறியதால் பிற்காலத்தில் ஆட்டக்களத்தின் அளவையே மாற்றினார்கள். மண்டபத்தில் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். மணலில் இன்று 16 மீட்டர், 8 மீட்டர். ஏன்? மணலில் இரண்டு பேர் அவ்வளவு தூரம் ஓடி எடுப்பது கடினம்.

தளம் மாறினால் ஆட்டம் மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று சொல்கிறேன். டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் அவர்களை அறியாதவர் உண்டா? 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். செயற்கைத் தளத்தில் ஓடிய முதல் ஒலிம்பிக் அதுதான். அதற்கு முந்திய தோக்கியோவில் ஓடுபாதை கரித்தூள் பாதை. மெக்சிகோ உயரமான நகரம், காற்று மெலிது, அதுவும் ஒரு காரணம். ஆனாலும் ஓடியது அவர் கால். எந்தத் தரை ஆனாலும் உழைத்துத் தயாரான கால் வேண்டும். அந்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது.

வளரும் எலும்பு வேறு

பெற்றோர்களே, இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகளின் எலும்பு வேகமாக வளரும். நார் போய் எலும்பில் ஒட்டும் இடம் அந்த வயதில் முற்றாத குருத்துபோல இருக்கும். அளவுக்கு மீறிக் குதித்தால் நார் அந்தக் குருத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே வலி, வீக்கம், புடைப்பு. சிலருக்குக் குதிகாலில் வலி வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுத்தால், வளர்ச்சி முடியும்போது இது தானே அடங்கிவிடும். ஆனால் ஓய்வு கொடுக்க வேண்டும். தைலம் போட்டுத் தேய்த்துவிட்டு மறுநாள் குதிக்க அனுப்பினால் அடங்காது.

"வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். ஒரு வாரம் போயும் வலி இருந்தாலோ, நொண்டினாலோ, இரவில் வலியால் எழுந்தாலோ கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அதேபோல, கால் வலிக்கிறது என்பதற்காக, "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இந்தக் குதிப்பு" என்று ஆட்டத்தையே நிறுத்திவிடாதீர்கள். ஓய்வு வேறு, விலக்கு வேறு. ஓடியாடும் பிள்ளைக்குத்தான் எலும்பு உறுதிப்படும்.

நாம் செய்யக்கூடியவை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நம்மிடம் மண்டபம் இல்லை, பரவாயில்லை. இருப்பதை வைத்தே செய்யலாம்.

ஒன்று: ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் மணலில் குதித்தலும் ஓட்டமும். ஒரு நாள் புல்லில் பந்து எடுத்தல், உருளுதல். ஒரு நாள் போட்டித் தளத்தில் ஆட்டம். போட்டி நெருங்கினால் போட்டி நடக்கும் தளத்தில் கூடுதலாக ஆடலாம். ஆனால் அப்போது குதிக்கும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இரண்டு: குதிப்பை எண்ணுங்கள். தொடக்கத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது குதிப்பு போதும் என்பது என் அனுபவம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

மூன்று: குதிக்கச் சொல்லிக்கொடுக்குமுன் இறங்கச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு காலிலும் இறங்க வேண்டும். முன்பாதம் முதலில், பிறகு குதிகால். முழங்கால் மடங்க வேண்டும். இரண்டு முழங்காலும் உள்பக்கம் சாய்ந்து முட்டக்கூடாது. நான் பிள்ளைகளிடம் சொல்வது: "பூனை மாதிரி இறங்கு. சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது." சத்தம் கேட்டால் அந்த அடி முழங்காலுக்குப் போகிறது என்று பொருள்.

நான்கு: வலைக்கடியில் நடுக்கோட்டைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள். கைப்பந்தில் அதிகம் நேரும் காயம் கணுக்கால் சுளுக்கு. அதில் பெரும்பகுதி வலையருகே, அடுத்தவன் காலின்மேல் இறங்குவதால் வருவது. அதற்குத் தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐந்து: முன்னேற்றத்தை அளந்து பாருங்கள். சுவரருகே நின்று கையை உயர்த்தி ஒரு சாக்குக் கோடு. குதித்து ஒரு கோடு. இடையிலுள்ள தூரம்தான் குதிப்பு. மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே தரையில் அளக்க வேண்டும். இந்த மாதம் சிமெண்டிலும் அடுத்த மாதம் மணலிலும் அளந்தால் பிள்ளை தேய்ந்துவிட்டான் என்று தவறாக எண்ணிவிடுவோம்.

ஆறு: மாலை வெயில் தணிந்தபின் ஆடுங்கள். சிமெண்டு பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில்தான் கக்கும். தண்ணீர்ப் புட்டி கூடவே இருக்கட்டும். இடி மின்னல் என்றால் திடலில் ஒருவரும் நிற்கக்கூடாது.

ஒரு வேண்டுகோள்

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் திடலின் மூலையில் சிமெண்டுத் தளம் போடப் பணம் திரட்டுவதாக அறிந்தேன். நல்ல காரியம். என்னால் இயன்றதை நானும் கொடுக்கிறேன். ஆனால் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

தளம் போடும்போது தண்ணீர் வடிய மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு விடலாம். ஆட்ட விதி அதற்கு இடம் தருகிறது. அதற்குமேல் சரிவு வேண்டாம். மேற்பரப்பு வழவழப்பாகவும் வேண்டாம், தோலைச் சீவும் சொரசொரப்பும் வேண்டாம்.

அடுத்தது, சிமெண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மணல் குழி வேண்டும். போட்டிக்குரிய மணல் களத்தில் 40 சென்டிமீட்டர் ஆழம் மணல் இருக்க வேண்டும் என்பார்கள். நமக்கு அவ்வளவு பெரிய களம் வேண்டாம். நீளம் 4 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் 6.4 கன மீட்டர் மணல், ஏறத்தாழ 10 டன். அடியில் தண்ணீர் வடியச் சரளை போட வேண்டும். மணலில் கல், கண்ணாடி இல்லாமல் சலிக்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் மூடிவைக்க வேண்டும். ஏனென்றால் நாயும் பூனையும் அசுத்தம் செய்த மணலில் வெறுங்காலோடு குதித்தால் கொக்கிப்புழுவின் குஞ்சு தோலுக்குள் புகுந்து ஊரும், அரிக்கும். ஒரு பழைய கூடாரத் துணி போதும் மூடுவதற்கு. குழி வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கைகள் இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கின்றன!

மீதித் திடலைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். பள்ளங்களை மட்டும் மண் கொட்டி நிரப்புங்கள்.

முடிக்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 1984ஆம் ஆண்டுப் பெண்ணைச் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு திருமண வீட்டில் கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், அன்னிக்கு நீங்க நிறுத்துன்னு சொல்லியிருந்தா நான் அடுத்த வருஷமும் ஆடியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தைத்தது.

அவருடைய தாயார் இப்போது இல்லை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரமும் இல்லை; செம்பனை வந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் வெட்டினால் ஒரு நாள் விட வேண்டும் என்ற அந்தத் தாயின் கணக்கு எந்தப் பயிற்சிக்கும் பொருந்தும். மரம் பால் கொடுப்பது வெட்டுகிற நாளில். பால் ஊறுவது விடுகிற நாளில். பிள்ளையின் காலும் பலம் பெறுவது குதிக்கும் நாளில் அல்ல, குதித்து ஓய்ந்த நாளில்.

முழங்காலில் கட்டோடு கேடயம் வாங்கிய மகளே, எழுந்திரிக்க வேண்டாம், உட்கார்ந்தே கேள். உனக்கு இரண்டு வாரம் விடுமுறை. உன் ஆசிரியரிடம் நானே சொல்லிவிட்டேன். வலி அடங்கவில்லை என்றால் அம்மாவோடு மருத்துவரிடம் போய்வா. வலி போனதும் மணலில் தொடங்கு, பிறகு புல்லுக்கு வா, கடைசியாகச் சிமெண்டுக்குப் போ. அடுத்த ஆண்டும் நீ இந்த மேடைக்கு வர வேண்டும். படியில் காலை இழுக்காமல் ஏறி வர வேண்டும். அப்போது முதல் கைதட்டு என்னுடையதாக இருக்கும்.